பாதிக் கூலியும் ஒரு கரண்டிக் கஞ்சியும்

சேலத்தில் இறங்கிய முதல் நாளே சாப்பாட்டின் மேல் எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஃபேர்லேண்ட்ஸில் என் சித்தப்பா மகன் ஆரோக்கியம் வீட்டில் இலை தெரியாதபடி பரிமாறிக்கொண்டே போனார்கள். இரண்டு வருஷமாக மழை இல்லை, குடிதண்ணீரைக் குடக்கணக்கில் விலைக்கு வாங்குகிறோம் என்று சொல்லிக்கொண்டே அவன் மனைவி என் இலையில் மூன்றாவது மீன் துண்டை வைத்தாள். வேண்டாம் என்றால் மலேசியாக்காரிக்கு நம் சாப்பாடு பிடிக்கவில்லை என்று ஆகிவிடும். சாப்பிட்டேன். கை கழுவ அரைச் சொம்புத் தண்ணீர்தான் கொடுத்தார்கள்.

நான் ஈப்போவில் தமிழ்ப் பள்ளி ஆசிரியை. எண்பதுகளின் தொடக்கத்தில், மழை பொய்த்த அந்த நாட்களில், சேலத்துக்கு நான் உறவு பார்க்க வரவில்லை. சேந்தமங்கலம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நடந்துவந்த கஞ்சித் தொட்டிக்கு எங்கள் மாதா கோயிலின் பெண்கள் சபை மூன்று வருஷமாக உதவி அனுப்பிக்கொண்டிருந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் வாசலில் முறுக்கும் அதிரசமும் விற்போம். வருகிற காசு கோதுமை ரவையாகவும் சோயா மாவாகவும் மாறி அந்த ஊருக்குப் போகும். யாராவது ஒருவர் நேரில் பார்த்து வந்து தவக்காலக் கூட்டத்தில் பேச வேண்டும் என்று முடிவானது. விடுமுறையும், வீட்டில் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாத நிலையும் எனக்கு மட்டும்தான் இருந்தன.

மறுநாள் காலை ராசிபுரம் வழியாக நாமக்கல் போகும் பஸ்ஸில் ஏறினேன். எங்கள் ஊர்க் கண்டக்டர் முகத்தைப் பார்க்காமல் டிக்கெட்டைக் கிழிப்பவர். இவரோ என் பெயர், ஊர், வேலை, எனக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்பது வரை ராசிபுரம் வருவதற்குள் கேட்டுத் தெரிந்துகொண்டு, பின் சீட்டில் இருந்தவர்களுக்கும் சொல்லிவிட்டார். ராசிபுரத்தில் ஏறிய ஒருவர் நெய் டின்னை என் காலடியில் வைத்தார். மூடி சரியில்லை. அடுத்த பள்ளத்தில் என் செருப்பு நெய்யில் குளித்தது. அவர் கோபித்துக்கொண்டது என்னிடம்.

அங்கிருந்து கொஞ்ச தூரம் போனதும் பஸ் ஒரு முனகலோடு நின்றது. ஆக்ஸில் உடைந்துவிட்டது என்றார்கள். வெயிலில் ஒரு மணி நேரம் நின்றோம். இருபுறமும் காய்ந்த காடு. பச்சை என்று கண்ணில் பட்டது கிலுவை வேலி மட்டும்தான். பிறகு அந்த வழியாக வந்த போர்வெல் லாரி ஒன்றைக் கண்டக்டரே கை காட்டி நிறுத்தி, டீச்சரம்மா தூரத்திலிருந்து வருகிறார் என்று சொல்லி என்னை முன்னால் ஏற்றிவிட்டார்.

திருச்செங்கோட்டுக்காரரான அந்த டிரைவரிடம், இந்த வறட்சியில் உங்களுக்கு நல்ல வரும்படிதானே என்று கேட்டேன்.

"வரும்படிதாங்க. ஆனா கொழாய் எறங்க எறங்கப் புழுதிதான் பொகையாட்டம் மேல வருது. தோட்டத்துக்காரர் பக்கத்துலயே நின்னு பாத்துட்டிருப்பார். அவியகிட்டக் காசு வாங்கக் கை கூசுதுங்க. வாங்காம வரவும் முடியறதில்லை."

நான் போகும் ஊரின் பெயரைச் சொன்னதும், அங்கே பழனியப்பன் என்ற பண்ணையக்காரர் தோட்டத்தில் எட்டுக் குழி போட்டதாகவும், எட்டாவதில்தான் தண்ணீர் வந்ததாகவும் சொன்னார். அந்தச் சுற்று வட்டாரத்தில் தண்ணீர் என்றால் இப்போது அவர் தோட்டத்தில்தான்.

ஊர்ப் பிரிவில் உபதேசியார் சவரிமுத்து சைக்கிளோடு காத்திருந்தார். சாமியார் மாதத்துக்கு ஒருமுறைதான் அந்தப் பக்கம் வருவார் என்பதால் ஜெபம் சொல்வது முதல் கஞ்சி காய்ச்சுவது வரை எல்லாம் இவர் பொறுப்பு. ஒல்லியான மனிதர். பேசும்போது நம் முகத்தைப் பார்க்காமல் சைக்கிள் மணியைப் பார்ப்பார். என் பையைக் கேரியரில் கட்டிக்கொண்டு, முதலில் பண்ணையக்காரரைப் பார்த்துவிட வேண்டும் என்றார். கஞ்சி காய்ச்சுகிற கொட்டாய் அவருடையது. தண்ணீரும் விறகும் அவர் கொடுப்பவை. உபதேசியார் குடியிருக்கும் ஓட்டு வீடும் அவருடையதுதான்.

பழனியப்பன் என்னை மிகுந்த மரியாதையோடு வரவேற்றார். அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கிய சாதம், அதன் மேல் நெய், நாட்டுக்கோழி வறுவல். எனக்கு உள்ளே நாற்காலி, மேசை, இலை. உபதேசியாருக்கு வெளிப்படியில் ஒரு தட்டு. சாப்பிட்டதும் அதை அவரே கழுவிக் கவிழ்த்து வைத்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் தாத்தா இந்த ஜில்லாவின் எந்தத் தெருவிலிருந்து கப்பல் ஏறினார் என்று பழனியப்பன் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் அந்தப் படிதான். கையில் இருந்த வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்னை உள்ளே உட்கார வைத்தது. இது புரிந்தும் நான் எழுந்துகொள்ளவில்லை. இன்னும் கொஞ்சம் வறுவல் வாங்கிக்கொண்டேன்.

"பசியில ஒருத்தரும் சாகலீங்க இந்த ஊர்ல. அது உங்க புண்ணியம்" என்றார் அவர். "இன்னொண்ணும் சொல்லோணும். கஞ்சி வந்த பொறகு சனங்க வேலைக்கு வாரதுல ஒரு ஒழுங்கு வந்திருக்குதுங்க. முன்னாட்டம் ஏட்டிக்குப் போட்டி பேசறதில்லை."

எங்கள் சபையில் சொல்ல நல்ல செய்தியாயிற்றே என்று அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் கஞ்சி ஊற்றுவதைப் பார்த்தேன். கடலைக்காய் காயப்போடுகிற நீளமான கொட்டாய். நடுவில் இரண்டு அண்டா. மஞ்சள் நிறச் சோயா மாவும் கோதுமை ரவையும் கலந்து, உப்பும் சின்ன வெங்காயமும் போட்டுக் கொதிக்க வைத்திருந்தார்கள். குழந்தைகள் சத்தமில்லாமல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பள்ளியில் நாற்பது குழந்தைகளை அப்படி உட்கார வைக்க எனக்குத் தொண்டை வறண்டுபோகும். இங்கே எண்பது பேர், ஒரு சத்தமில்லை. எனக்கு முதலில் அது ஒழுக்கமாகத்தான் தெரிந்தது.

உபதேசியார் நோட்டைப் பார்த்துப் பெயர் வாசித்தார். பெயர் வந்தவர்கள் எழுந்து போய்த் தட்டை நீட்டினார்கள். வேலிக்கு வெளியே நான்கைந்து பெண்கள் அலுமினியத் தட்டுகளோடும் பிள்ளைகளோடும் நின்றார்கள். அவர்கள் பெயர் வரவே இல்லை. அண்டாவின் அடியைச் சுரண்டும் சத்தம் கேட்டதும் திரும்பிப் போய்விட்டார்கள். யார் அவர்கள் என்று கேட்டேன். "அவிய பேரு இப்ப நோட்டுல இல்லீங்க டீச்சர்" என்றார் சைக்கிள் மணியைப் பார்த்துக்கொண்டே. ஏன் என்று கேட்டதற்கு, பாத்திரம் கழுவ வேண்டும் என்று எழுந்து போனார்.

சாயங்காலம் அந்தப் பெண்கள் குடியிருக்கும் காலனிக்கு நானே நடந்தேன். ஊருக்கும் அதற்கும் நடுவே ஒரு காய்ந்த ஓடை. அந்தப் பெண்களில் ஒருத்தி வாசலில் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தாள். பெயர் பாவாயி. முப்பது வயது இருக்கும். புருஷன் போர்வெல் லாரியில் கூலியாக வடக்கே போய் ஆறு மாதம் ஆகிறது. இரண்டு பெண் பிள்ளைகள். நான் யாரென்று கேட்கும் முன்பே ஒரு தட்டில் இரண்டு துண்டு மரவள்ளியும் உப்பும் பச்சை மிளகாயும் வைத்துக் கொடுத்தாள். முறிந்துபோய், ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலை லாரிக்கு ஆகாது என்று கழித்த கிழங்கு. மலாயாவில் ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளி தின்றே உயிர் பிழைத்ததாக அம்மா சொல்வாள். வளர்ந்த பிறகு ஒருநாளும் அவள் அதைத் தொட்டதில்லை. நான் தின்றேன். அந்த ஊரில் நான் சாப்பிட்டதில் தொண்டையில் சிக்காமல் இறங்கியது அது ஒன்றுதான்.

அவள் பெயர் நோட்டில் ஏன் இல்லை என்று கேட்டேன்.

"கெழங்கு புடுங்கற கூலியப் பாதியாக் கொறச்சுட்டாங்க. ஏனுங்கன்னு கேட்டேன். உன்ற புள்ளைகளுக்கு மத்தியானம் கஞ்சி ஊத்தறமே, அது கூலியில சேராதான்னாங்க. அது சீமையில இருந்து யாரோ அனுப்பறதாச்சேங்க, அதய நீங்க எப்படிங்க எங்கூலியில கழிப்பீங்கன்னேன். பாதிக் கூலிக்கு வர மாட்டம்னு நாங்க அஞ்சு பேரு நின்னுட்டோம். அடுத்த நாளே பேரு இல்ல."

அந்த யாரோ நாங்கள்தான் என்று அவளிடம் சொன்னேன். சொல்லும்போது எனக்குள் சின்னப் பெருமை இருந்ததை மறைக்க மாட்டேன். அவள் அடுப்பு விறகை உள்ளே தள்ளிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கதானுங்களா. அப்ப எங்கூலியில பாதிய நீங்கதான் அவியளுக்குக் குடுத்துட்டிருக்கறீங்க."

குரலில் குத்தல் எதுவும் இல்லை. எனக்குத்தான் காது எரிந்தது. அப்பா பால் மரம் வெட்டிய ரப்பர் எஸ்டேட்டில் ஒருமுறை ஆட்கள் கூலி கேட்டு வேலையை நிறுத்தினார்கள். துரை போலீசைக் கூப்பிடவில்லை, யாரையும் அடிக்கவில்லை. அரிசி அளக்கும் கிடங்கை மட்டும் பூட்டினான். ஆறாம் நாள் எல்லோரும் பால் வாளியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார்கள். அப்பா சாகும்வரை அந்தப் பூட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவர் மகளாகிய நான் முறுக்குச் சுற்றி விற்று, இன்னொரு ஊரில் அதே பூட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

நேராக உபதேசியார் வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். பிள்ளைகளின் சோற்றில் கை வைக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது என்று கேட்டேன். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"அவிய கொட்டாய், அவிய தண்ணி, அவிய வெறகு. அஞ்சு பேரு பேர எடுத்துட்டேன். எடுக்கலைன்னா எம்பது புள்ளைகளுக்கும் இல்லீங்க. நீங்க என்ற எடத்துல இருந்தா என்ன பண்ணுவீங்க, சொல்லுங்க."

அந்தக் கேள்வியை விட்டுவிட்டு இன்னும் கோபமாகப் பேசிவிட்டு வந்தேன்.

நான்காம் நாள் ஞாயிறு. விருந்தாளியாகிய நான் முதல் கரண்டி ஊற்ற வேண்டும் என்று ஏற்பாடு. பழனியப்பன் வந்திருந்தார். எனக்கு மாலை கூடப் போட்டார்கள். கரண்டியைக் கையில் வாங்கியதும் வேலிப் பக்கம் பார்த்தேன். ஐந்து பெண்களும் நின்றார்கள். பாவாயி, உள்ளே வா என்று கூப்பிட்டேன். அவள் அசையவில்லை. நானே அண்டாவிலிருந்து ஒரு வாளி நிறைய மொண்டு எடுத்துக்கொண்டு வேலியோரம் போய் அந்தப் பெண்களின் தட்டுகளில் ஊற்றினேன். பழனியப்பன் சிரித்த முகம் மாறாமல், டீச்சரம்மாவுக்கு இளகின மனசு என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு எழுந்து போனார். நான் ஏதோ சாதித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் கொட்டாயின் தொட்டியில் தண்ணீர் இல்லை. மோட்டார் பழுது என்று ஆள் வந்து சொன்னார். தோட்டத்தில் மோட்டார் ஓடும் சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. விறகும் வரவில்லை. விஷயம் தெரியாத எண்பது பிள்ளைகளும் வழக்கம்போல வந்து தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அண்டா காலியாக இருந்தது. அழக்கூட இல்லை, உட்கார்ந்தே இருந்தார்கள். முந்தாநாள் நான் ஒழுக்கம் என்று நினைத்த அமைதி பயம்தான் என்று அன்று தெரிந்தது.

பாவாயி வேகமாக வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைக்கும் அளவுக்கு நான் முட்டாளாக இருந்தேன்.

"எங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா? நீங்க நாளைக்கு பஸ் ஏறிப் போயிருவீங்க. எங்க அஞ்சு பேரால எம்பது புள்ளைக பட்டினின்னு ஊரே எங்களத்தான் பேசும். கஞ்சி ஊத்தோணும்னா ஊத்தறதுக்கு முன்னாடி எங்கள கேக்கோணும்."

கேட்காதது தப்பு என்றேன். இப்போது கேட்கிறேன், என்ன செய்யலாம் என்றேன். அவள் உபதேசியார் பக்கம் திரும்பி, மூட்டையெல்லாம் யாருடையது என்று கேட்டாள். கோயிலுடையது என்றார் அவர். அண்டா? அதுவும் கோயிலுடையது. அப்புறம் எதற்குக் கொட்டாய் என்று கேட்டாள்.

சவரிமுத்து மடியிலிருந்து சாவியை எடுத்து மூலை அறையைத் திறந்து, கோதுமை மூட்டை ஒன்றை இழுத்து வந்து தன் சைக்கிள் கேரியரில் சாய்த்தார். நானும் பாவாயியும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டோம். ஓடை மணலில் சைக்கிள் இரண்டு முறை சாய்ந்தது. ஒரு முறை மூட்டை என் கால் மேலேயே விழுந்தது. நடை நடையாக எல்லா மூட்டையும் அண்டாவும் காலனிக்குப் போய்ச் சேர்ந்தன. கிழங்கு பிடுங்கக் காட்டுக்குப் போயிருந்த பெண்களுக்கு இந்தச் செய்தி போனதும், பாதிக் கூலிக்கு ஒத்துக்கொண்டிருந்தவர்கள்கூட மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் குடத்தை எடுத்தார்கள். இரண்டு மைல் தள்ளி ஒரு கல்குழியில் பச்சை நிறத்தில் தண்ணீர் கிடந்தது. அதைச் சேலைத் துணியில் வடிகட்டி, கொதிக்கவிட்டு, மூன்று மணிக்குக் கஞ்சி இறக்கினார்கள்.

ஊற்ற ஆரம்பித்தபோது பழனியப்பன் வந்தார். தனியாக, நடந்தே வந்தார். அவர் ஓடை தாண்டி அந்தப் பக்கம் வந்து பார்த்ததே இல்லை என்று பிறகு சொன்னார்கள். தோட்டத்தில் சேகோ ஆலை லாரி பாதி ஏற்றிய கிழங்கோடு மத்தியானத்திலிருந்து நின்றுகொண்டிருந்தது. வெயிலில் அவர் முகம் கறுத்திருந்தது. எட்டுக் குழி போட்டவரின் களைப்பும் அதில் இருந்தது, அதை நான் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

"மோட்டார் சரியாயிருச்சு" என்றார் உபதேசியாரிடம். "தண்ணி உடச் சொல்லீட்டேன். அண்டாவைத் தூக்கிட்டுக் கொட்டாய்க்கே வந்துருங்க."

கரண்டி பாவாயி கையில் இருந்தது. தட்டில் ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"தண்ணி உடுங்க சாமி. கஞ்சி இங்கயே காயட்டும். முழுக் கூலின்னா நாளைக்கு விடிஞ்சதும் கெழங்குக்கு வாரோம்."

அவர் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார், இது உன் வேலைதானே என்பது போல. என் வேலையாக இருந்திருந்தால் நான் பெருமைப்பட்டிருப்பேன். நான் கடைசி வரிசையில் ஒரு தட்டோடு உட்கார்ந்திருந்தேன். அவர் திரும்பி நடந்தார். கல்குழித் தண்ணீரின் பாசி வாடையோடு என் தட்டில் கஞ்சி விழுந்தது. ஒரு கரண்டி, எல்லோருக்கும் போல.

மறுநாள் நான் கிளம்பும்வரை தண்ணீர் வரவில்லை.

மற்றதை உபதேசியார் கடிதத்தில் எழுதினார். நான் கிளம்பிய மூன்றாம் நாள், கூலியை முழுசாகக் கொடுக்கப் பண்ணையக்காரர் ஒத்துக்கொண்டார். லாரியை அதற்கு மேல் நிறுத்தி வைக்க முடியவில்லை. தண்ணீரை மட்டும் மழை வரும்வரை அவர் விடவே இல்லை. பெண்கள் தினமும் கல்குழிக்கு நடந்தார்கள். கல்குழித் தண்ணீரைக் குடித்து ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது, எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். உபதேசியாரின் ஓட்டு வீடு போயிற்று. காலனியில் ஒரு குடிசைக்கு மாறிவிட்டார். பெயர் வாசிப்பது நின்றுபோனது. வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றுகிறார்கள், தீர்ந்துபோனால் இல்லை.

ஈப்போவில் தவக்காலக் கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னேன். யாரும் கை தட்டவில்லை. நோட்டு இல்லாமல், கொட்டாய் இல்லாமல், ஒரு பெரிய மனிதரின் பொறுப்பு இல்லாமல் எப்படி அனுப்புவது என்று சபைத் தலைவி கேட்டார். அந்தப் பெரிய மனிதரின் பொறுப்பில்தான் நாம் மூன்று வருஷமாக ஏழைகளின் கூலியைத் திருடினோம் என்றேன். திருட்டு என்ற வார்த்தையைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். பெறவில்லை. அன்றோடு அந்தச் சபையில் எனக்கு வேலை இல்லாமல் போனது.

எங்கள் எஸ்டேட்டிலிருந்து வந்த நாலு பெண்கள் மட்டும் என்னோடு வெளியே வந்தார்கள். அடுத்த மாதம் நாங்கள் சேர்த்த மாவு மூட்டையை அனுப்பக் கப்பல் அலுவலகத்துக்குப் போனோம். படிவத்தில், சரக்கைப் பெறுபவர் என்ற இடத்தில் இதுவரை எப்போதும் கோயிலின் பெயரை எழுதி, அதன் கீழே பண்ணையக்காரர் தோட்ட விலாசத்தைப் போடுவது வழக்கம். நான் பாவாயி, காலனி என்று எழுதினேன். பெறுபவர் எந்த நிறுவனம் என்று குமாஸ்தா கேட்டார். நிறுவனம் இல்லை, பெண் என்றேன்.